மூன்று வால் விமானம்

"ஆள் காணாமப் போனா போட்டோ கேப்பாங்க, போன் நம்பர் கேப்பாங்க. ஏர்போர்ட்டைக் காட்டுங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான் மேடம்" என்றான் பஞ்சர்.

காணாமல் போனவனின் அறையில், அவனுடைய நாற்காலியில், அவனுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் மேடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு விமான நிலையம் விரிந்து கிடந்தது. ஓடுபாதை, ஒரு குட்டைக் கட்டடம், வரிசையாக நிற்கும் பழைய காலத்து விமானங்கள். எல்லாவற்றுக்கும் மூக்கிலோ இறக்கையிலோ விசிறி இருந்தது. ஒன்று தானாகவே நகர்ந்து ஓடுபாதைக்குப் போனது. இன்னொன்று தானாகவே வந்து இறங்கியது. ஓட்டுவதற்கு யாரும் இல்லாமலே அங்கே பிழைப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

மேடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் புலனாய்வு பார்த்தவர். எரியாத கடைக்கும் சாகாத மாமனாருக்கும் பணம் கேட்டு வந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். பஞ்சர் அவருடைய உதவியாளன். நாற்பது வயது. அவன் சொல்லும் யூகம் எதுவும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் காற்று நிற்காது என்பதால் மேடம் வைத்த பெயர் அது. பயம் வந்தால் பஞ்சருக்கு வாய் நீளும். இந்த வழக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு வாய் ஓயவே இல்லை.

வாசற்படியில் காணாமல் போனவனின் அக்கா நின்றாள். பக்கத்துத் தெருவில் லாண்டரி வைத்திருப்பவள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அது நிறைய மாத்திரை அட்டைகள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மேடம். ஒரு வேளை தவறினாலே டாக்டர் கத்துவாரு. ஒரு வாரமா இந்த டப்பா அப்படியே இருக்கு. ஒரு அட்டையைக்கூட எடுத்துட்டுப் போகல. அவன் எப்படி இருக்கானோ..."

முடிக்க முடியவில்லை அவளால். முடிக்கவும் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப்போனபோது அக்காதான் தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அடுத்தவர் உறுப்பை உடம்பு ஏற்காமல் சண்டை போடும், அந்தச் சண்டையை அடக்கிவைப்பதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. மாத்திரை நின்றால் சண்டை ஆரம்பித்துவிடும்.

"என் கிட்னி மேடம் அது. அவன் எங்க இருக்கான்னு தெரியலன்னா, என் உடம்புல பாதி எங்க கிடக்குதுன்னே எனக்குத் தெரியல" என்றாள்.

பஞ்சர் ஒரு ஜோக் வைத்திருந்தான். அதை விழுங்கிக்கொண்டான்.

போலீஸ் கைவிரித்துவிட்டது. வளர்ந்த ஆம்பளை, போன மாதிரியே வருவான் என்றார்கள். அவன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில், முறைப்படி லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றார்கள். அக்கா ஊரில் உள்ள ஆஸ்பத்திரி வார்டு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, அந்தப் பெயரில் யாரும் படுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டாள். யாரும் இல்லை. கடைசியாக அவனிடமிருந்து வந்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி: வெளியூர் வேலை, கொஞ்ச நாள் ஆகும், கவலைப்படாதே. அதற்குப் பிறகு போனை அணைத்துவிட்டான்.

"மாத்திரை இருக்கு. சரி" என்றார் மேடம். "வீட்ல எது இல்ல?"

இது மேடத்தின் வழக்கமான கேள்வி. மற்றவர்கள் இருப்பதைத் துழாவுவார்கள், இவர் இல்லாததைத் துழாவுவார்.

"லேப்டாப் இல்ல. அப்புறம்..." அக்கா அலமாரியைத் திறந்தாள். "காலர் வெச்ச சட்டை ஒண்ணுகூட இல்ல. இதுதான் எனக்குப் புரியல. அவனுக்குக் காலரே ஆகாது, கழுத்து அரிக்குதும்பான். நான் இஸ்திரி போட்டு அடுக்கி அடுக்கி வெப்பேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். டீ ஷர்ட்டை எல்லாம் விட்டுட்டு அதை எடுத்துட்டுப் போயிருக்கான்."

"காலர் சட்டைன்னா பொண்ணு பார்க்கத்தான்" என்றான் பஞ்சர்.

"பஞ்சர்."

"இதோ வெளிய நிக்கறேன் மேடம்."

"வெளிய போக வேண்டாம், வாயை மட்டும் மூடு. இந்த ஏர்போர்ட் என்னன்னு சொல்லுங்கம்மா."

அக்கா சொன்னாள். தம்பியோடு ஒரே கூரையில் வாழ்ந்ததில் அவளுக்கும் அது பாடமாகியிருந்தது. இது விமானம் ஓட்டிப் பழகும் விளையாட்டு. எல்லோரும் விமானம் ஓட்ட வாங்குவார்கள், இவன் வேடிக்கை பார்க்க வாங்கினான். நாம் ஓட்டுவதைத் தவிர, சுற்றிலும் மற்ற விமானங்களைக் கம்ப்யூட்டரே ஓட்டும். இந்தக் காலத்து விமானங்கள் வேண்டுமென்றால் அள்ளி அள்ளிக் கிடைக்கும். இவனுக்கு வேண்டியதோ ஜெட் வருவதற்கு முந்தைய காலம். அந்தக் காலத்தில் இந்த நிலையத்துக்கு வந்துபோன ஒவ்வொரு விமானத்தையும், உலகத்தில் எங்கோ யாரோ பொழுதுபோகாமல் செய்து வைத்திருப்பதைத் தேடிப் பிடித்து, கெஞ்சி வாங்கி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்துவான்.

"டைம் டேபிள்கூட அந்தக் காலத்துல எப்படியோ அப்படியேதான் இருக்கணும். ஒருதரம் ஒரு விமானம் கொஞ்சம் முந்தி வந்து இறங்கிடுச்சுன்னு லீவு போட்டு உட்கார்ந்து சரிபண்ணினான் மேடம். மதிய விமானம் வர்ற நேரத்துல சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். சோறு ஆறிப்போகும். நான் திட்டுவேன்." அவள் டப்பாவைத் திறந்து மறுபடியும் மூடினாள். "திட்டாம இருந்திருக்கலாம்."

"இந்த இடம் ஏன் காலியா இருக்கு?" மேடம் திரையைத் தொட்டார். விமானங்களின் வரிசையில் ஏழாம் எண் நிறுத்தம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"அது மூணு வால் விமானத்தோட இடம். அதை ஒருத்தர் செஞ்சு, அப்புறம் கோவிச்சுக்கிட்டு எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்துட்டாராம். ரெண்டு வருஷமாத் தேடறான். கிடைக்கவே இல்ல."

மேடம் நாற்காலியைத் திருப்பினார்.

"உயிர் காக்கிற மாத்திரையை விட்டுட்டு, விமானம் இருக்கிற லேப்டாப்பை எடுத்துட்டுப் போயிருக்கான். அப்ப நாம ஆளைத் தேட வேண்டாம் பஞ்சர். அவன் தேடற விமானத்தைத் தேடுவோம். அது யார்கிட்ட இருக்கோ, அவங்க வாசல்ல இவன் ஒருதரமாவது வந்து நின்னிருப்பான்."

கம்ப்யூட்டரில் அவனுடைய நண்பர் குழு ஒன்று இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நண்பர்கள். பஞ்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஒருவர் எந்த வருஷத்துப் பெயின்ட் வேண்டும் என்று கேட்டார். ஒருவர் வால் ஏன் மூன்று என்று ஆரம்பித்துப் பஞ்சரின் காது சூடாகும்வரை விடவில்லை. இன்னொருவர், அப்படி ஒரு விமானத்தைத் தன் மனைவி கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தன்னிடம் அது இல்லை என்றார். ஆனால் முடிவில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள்.

"பல் டாக்டரைக் கேளுங்க."

*

பல் டாக்டரின் நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். அவர் வாயில் பஞ்சு. டாக்டர் கையில் ஊசி. ஆனால் பஞ்சர் 'மூணு வால்' என்று சொன்ன அடுத்த நொடி டாக்டருக்கு நோயாளி மறந்துபோனார்.

"உங்களுக்கு ஓட்டறதுக்கா, கம்ப்யூட்டர் ஓட்டறதுக்கா?"

"ரெண்டுக்கும் என்ன டாக்டர் வித்தியாசம்?"

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நீங்க ஓட்டற விமானம்னா உள்ள சீட்டு, மீட்டர், பைலட்டோட மூக்குக்கண்ணாடி வரைக்கும் செஞ்சிருப்பாங்க. அந்த மாதிரி நாப்பதை ஒரே நேரத்துல நிறுத்தினா மெஷின் மூச்சுத் திணறிடும். கம்ப்யூட்டர் ஓட்டறதுக்கு வெறும் தோல் போதும். பல்லுக்குப் போடற கேப் மாதிரி. வெளிய பார்க்கப் பல், உள்ள ஒண்ணுமில்ல."

"எங்க ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க."

படுத்திருந்தவர் ஏதோ முனகினார். "மரத்துப்போகட்டும், இருங்க" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

டாக்டர் சொன்னதன் சுருக்கம் இது. மூன்று வால் விமானத்தைச் செய்தவர் அதை எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். எவனோ ஒருவன் அதைத் தன்னுடையது என்று விற்க ஆரம்பித்தான். செய்தவருக்கு மனசு விட்டுப்போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். போகும்போது ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: ஏற்கெனவே வாங்கியவர்கள் வேறு யாருக்காவது கொடுப்பதானால் கையில் கொடுங்கள், இன்டர்நெட்டில் போடாதீர்கள். பழைய விமானம் தேடுகிற இந்தக் கூட்டம் இன்றுவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறது. டாக்டரிடம் அது ஒரு சிடியில் இருந்தது.

"அதை யாருக்காவது கொடுத்தீங்களா?" மேடம் கேட்டார்.

"போன வாரம்தான் கொடுத்தேன். லிஃப்ட்டுனு ஒருத்தன். குழுவுல அவனுக்கு அதான் பேரு. ரெண்டு வருஷமா என் உயிரை எடுத்தான், சரி போன்னு..."

அக்கா டாக்டரின் கையைப் பிடித்துவிட்டாள். ஊசி இருந்த கை.

"உயிரோட இருக்கானா?"

"உயிரோட இல்லாம எப்படிம்மா சிடி வாங்குவான்? நீங்க யாரு?"

"அவன் அக்கா."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். குரலும் இறங்கியது. "நான் ஆளைப் பார்க்கலம்மா. என் கிளினிக் அட்டெண்டர்கிட்ட கொடுத்தனுப்பினேன். பழைய சினிமா தியேட்டருக்கு எதிர் சந்துல ஒரு மருந்துக்கடை, அங்க கொடுத்துட்டா வாங்கிக்கறேன்னு சொன்னான்."

"மருந்துக்கடையா!" அக்காவின் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக விரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மேடம், மருந்துக்கடை மேடம்! மாத்திரை அங்க வாங்கறான் போலிருக்கு. மாத்திரை சாப்பிடறான்! கடவுளே, நான் என்னென்னவோ நெனச்சு..."

பஞ்சருக்கும் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. பிணத்தைத்தான் கண்டுபிடிக்கப்போகிறோம் என்று மூன்று நாளாக அவன் யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தான்.

"ஆனா எனக்கு அவன் மேல கோவம்" என்றார் டாக்டர். "எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. விமானம் வாங்கினவன், அதைத் தன் ஏர்போர்ட்ல நிறுத்தி, அந்த ஏர்போர்ட்டை விமானம் கொடுத்தவனுக்கு அனுப்பி வெக்கணும். இவனும் அனுப்பினான். நேத்து திறந்து பார்க்கறேன், ஒரு விமானம் இல்ல! வெட்டவெளி. முந்தாநாள் காலையில பார்த்தா பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசல். என்னடான்னு பார்த்தா, படுபாவி, டைம் டேபிளையே மாத்திட்டான்."

"தம்பியா? மாத்தவே மாட்டானே" என்றாள் அக்கா.

"அதைத்தான்மா நானும் சொல்றேன். ஒரு நிமிஷம்கூட மாத்தக்கூடாதுன்னு என்கிட்டயே சண்டை போட்டவன். இப்ப வாரம் பூரா வரவேண்டிய விமானத்தை எல்லாம் வாரி, திங்கள், புதன், வெள்ளி காலையில போட்டு அடைச்சு வெச்சிருக்கான். மத்த நேரத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. இன்னிக்கு வெள்ளிதானே? இருங்க, காட்டறேன்."

டாக்டர் மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதே நிலையம், அதே குட்டைக் கட்டடம். காலை நேரம். விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பிறகு அது வந்தது. நாலு விசிறி, மீன் மாதிரி வளைந்த உடம்பு, பின்னால் மூன்று வால். பஞ்சர் விமானங்களைப் பற்றி ஒன்றும் அறியாதவன். அவனுக்கே அது அழகாக இருந்தது. அது இறங்கி, நிதானமாக உருண்டு, ஏழாம் நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பியது.

திரும்பிய இடத்திலேயே மறைந்துபோனது.

"எங்க போச்சு?" அக்கா கத்தினாள். "டாக்டர், எங்க போச்சு அது?"

"ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க. அந்த நிறுத்தம் சின்னது, இறக்கை அகலம். அவன் தன் மெஷின்ல நிறுத்தத்தைப் பெருசாக்கிட்டான், நான் இன்னும் பண்ணல. நிக்க இடம் இல்லன்னா கம்ப்யூட்டர் விமானத்தை அழிச்சிடும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது அக்காவின் காதில் ஏறவில்லை. காத்திருப்போர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, மாத்திரை டப்பா இருந்த துணிப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"டாக்டர்" என்றார் மேடம். "திங்கள், புதன், வெள்ளி. செவ்வாய், வியாழன், சனியில ஒண்ணுமே கிடையாதா?"

"கிடையாது."

"காலையில எத்தனை நேரம் விமானம் வருது?"

"ஒரு நாலு மணி நேரம். அப்புறம் திரும்பவும் வெட்டவெளிதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பஞ்சருக்குத் தெரியும், மேடம் கண்ணாடியைத் துடைத்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். துடைத்துவிட்டு எப்போதும் லேசாகச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

*

காரைப் பஞ்சர் ஓட்டினான். பின்சீட்டில் அக்கா. அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள், அப்படி உட்கார்ந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பது மாதிரி.

"மேடம், எனக்குத் தோணிடுச்சு" என்றான் பஞ்சர் தாழ்ந்த குரலில். "வாரத்துல மூணு நாள், காலையில மட்டும். டிரைவிங் ஸ்கூல்."

"லேப்டாப்பை ஸ்டியரிங் மேல வெச்சுப் பார்ப்பானா?"

"அப்ப பார்ட் டைம் வேலை. எங்கயோ வாட்ச்மேன். உட்கார்ந்து உட்கார்ந்து போரடிக்குது, விமானம் பார்க்கறாரு."

"ஒருதரம் லீவு போட்டு நேரத்தைச் சரிபண்ணினவன் பஞ்சர் அவன். அப்படிப்பட்டவன் மொத்த டைம் டேபிளையும் தானே கெடுத்திருக்கான்னா, அந்த நேரத்துல அவனுக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கணும்? யோசி."

பஞ்சர் யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. மேடத்தின் குரல் மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்த குரல் இல்லை அது.

கார் நிற்பதற்கு முன்பே அக்கா கதவைத் திறந்துவிட்டாள். மருந்துக்கடைக் கவுன்டரில் டப்பாவைத் திறந்து அட்டைகளைப் பரப்பினாள்.

"இந்த மாத்திரை... என் தம்பி இங்க வாங்கினானா? உயரமா இருப்பான், ஒல்லியா..."

கடைக்காரர் அட்டையைத் தூக்கி, எழுத்தைப் படித்து, தலையை ஆட்டினார். "இது நாங்க வெக்கறதே இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிலதான் கிடைக்கும்."

"நல்லாப் பாருங்க. வேற கம்பெனியுதா இருக்கும்."

"எந்தக் கம்பெனியுதும் இல்லம்மா. கேட்டுகூட யாரும் வந்ததில்ல."

பஞ்சர் தன் கண் முன்னால் ஒரு மனுஷி குறுகுவதைப் பார்த்தான். காலையில் இருந்த நம்பிக்கையின்மை பரவாயில்லை. நடுவில் ஒரு மணி நேரம் நம்பிவிட்டாளே, அதுதான் பெரிய கொடுமை.

"ஒரு சிடி கொடுத்திருப்பாங்களே, போன வாரம்" என்றான் அவசரமாக.

"ஆமா சார், நான்தான் வாங்கி வெச்சேன். இந்த வெயில்ல கழுத்துவரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்து வாங்கினாரு. அவரு இங்க மேல..."

"தண்ணி இருக்கா?" மேடம் குறுக்கே புகுந்தார். "ஒரு பாட்டில் கொடுங்க. அவங்களுக்குத் தலை சுத்துது, பாருங்க. அம்மா, இப்படி உட்காருங்க. பஞ்சர், நீ என்கூட வா."

கடைக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படி ஏறியது. முதல் வளைவில் மேடம் நின்றார்.

"மேடம், அந்த ஆள் ஏதோ சொல்ல வந்தாரு. நீங்க தடுத்துட்டீங்க."

"தெரிஞ்சுதான் தடுத்தேன். அந்தச் செய்தியை அவங்க ஒரு கடைக்காரர் வாயிலேர்ந்து கேக்கக்கூடாது." மேடம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "இன்சூரன்ஸ்ல இருந்தப்ப எத்தனையோ ஆஸ்பத்திரிப் பில் பார்த்திருக்கேன். ஒரு வியாதிக்கு மட்டும் ரெண்டே ரெண்டு டைம் டேபிள்தான். ஒண்ணு திங்கள், புதன், வெள்ளி. இல்லன்னா செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எழுந்திரிக்க முடியாது, நகர முடியாது. உடம்பு ரத்தத்தை எல்லாம் வெளிய எடுத்து, மெஷின்ல சுத்தம் பண்ணி உள்ள விடுவாங்க."

பஞ்சர் மாடியை அண்ணாந்து பார்த்தான். "டயாலிசிஸ்."

"அவசரமா ஆரம்பிச்சா கழுத்துலதான் குழாய் போடுவாங்க. கட்டுப் போட்டிருக்கும். டீ ஷர்ட் போட்டா தெரியும்."

"காலர் சட்டை..."

"மாத்திரையை அவன் மறந்துட்டுப் போகல பஞ்சர். அந்த மாத்திரை கிட்னியைக் காப்பாத்தறதுக்கு. காப்பாத்த ஒண்ணும் இல்லன்னா மாத்திரை எதுக்கு? அக்கா வார்டு வார்டாப் போய் படுத்திருக்கானான்னு கேட்டாங்க. இவன் படுக்கல. வந்து நாலு மணி நேரம் இருந்துட்டு எழுந்து போயிடறான். எந்த வார்டுல பேரு இருக்கும்?"

பஞ்சர் கீழே எட்டிப் பார்த்தான். அக்கா தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்தாள். அவனுக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றியது.

மேல்மாடியில் ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆள் உயர மெஷின், சிவப்பாக ஓடும் குழாய்கள். ஜன்னலோரக் கட்டிலில் அவன் சாய்ந்திருந்தான். சட்டையின் மேல் பட்டன்கள் திறந்திருந்தன, கழுத்தில் வெள்ளைக் கட்டு, அதிலிருந்து இரண்டு குழாய் மெஷினுக்குப் போனது. மடிக்கு மேல் சக்கரம் வைத்த மேஜையில் லேப்டாப். அதில் ஏழாம் நிறுத்தத்தில் மூன்று வால் விமானம் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

"அழகா இருக்கு" என்றார் மேடம்.

அவன் தலையைத் தூக்கினான். புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "அக்கா அனுப்பினாளா?"

"கீழ உட்கார்ந்திருக்காங்க."

"வேண்டாம் மேடம்." அவன் எழ முயன்றான், குழாய் இழுத்தது, வலியில் முகம் சுளித்து மறுபடியும் சாய்ந்தான். "உங்க கால்ல விழறேன், சொல்லாதீங்க. ஆள் கிடைக்கலன்னு சொல்லிடுங்க. இன்னும் கொஞ்ச நாள்தான். கையிலயே ஊசி போட்டு மெஷினை மாட்டறதுக்கு வழி பண்ணிட்டாங்கன்னா இந்தக் கழுத்துக் குழாயை எடுத்துடுவாங்க. முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. அதுவரைக்கும் லாட்ஜ்ல இருந்துக்கறேன்."

"எத்தனை நாள் மறைப்பீங்க?"

"முடிஞ்சவரைக்கும்." அவன் லேப்டாப்பைப் பார்த்தபடி பேசினான். "மாத்திரை ஒரு வேளை தவறினதில்ல மேடம். எல்லாம் சரியாத்தான் பண்ணினேன். அப்படியும் போயிடுச்சு. அவ வயித்தைக் கிழிச்சு எடுத்துக் கொடுத்ததை நாலு வருஷம் வெச்சுக்கத் தெரியல எனக்கு. இந்த மூஞ்சியை எடுத்துக்கிட்டு அவ முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்? தெரிஞ்சா, இன்னொண்ணையும் எடுத்துக்கோன்னு சொல்லுவா. அவ சொல்லுவா மேடம். உங்களுக்கு அவளைத் தெரியாது."

பஞ்சர் எதையாவது சொல்லி அந்த அறையின் கனத்தைக் குறைக்க நினைத்தான். "பல் டாக்டர் உங்க மேல செம கோவத்துல இருக்காரு, டைம் டேபிளை மாத்தினதுக்கு."

தம்பி சிரிக்க முயன்றான். "இதைப் பார்த்துக்கிட்டு இருந்தா மெஷின் சத்தம் காதுல விழல. அதான் எல்லாத்தையும் இந்த நேரத்துக்குக் கொண்டுவந்துட்டேன்."

"ஏம்மா, ஏம்மா! செருப்போட உள்ள வரக்கூடாது!" என்று ஒரு நர்சின் குரல் கேட்டது.

பஞ்சர் திரும்பினான். வாசலில் அக்கா. மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரரைக் கேட்டிருப்பாள், அவர் மேலே கையைக் காட்டியிருப்பார், வேறென்ன. அவள் தம்பியை முதலில் பார்க்கவில்லை. மெஷினைத்தான் பார்த்தாள். அந்த மெஷினை அவளுக்குத் தெரியும். தன் உடம்பை அறுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வருஷம், இதே மாதிரி ஒன்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள். யாரும் எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தம்பி காலரை இழுத்துக் கட்டை மூடப் பார்த்தான். பட்டன் மாட்டவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மெதுவாக நடந்து வந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பஞ்சருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அறைந்துவிடுவாளோ, மயங்கி விழுவாளோ என்று அவன் ஒரு அடி முன்னால் வந்தான். மேடம் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மன்னிச்சிடுக்கா" என்றான் தம்பி. "நீ கொடுத்தது போயிடுச்சுக்கா."

அக்கா அவன் தலையைத் தன் தோளோடு இழுத்துக்கொண்டாள், குழாய் இழுபடாமல், பழகிய கையால். ஒரு வாரம் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"கிட்னி போனா போகுதுடா" என்றாள். "உன்னை எவன் போகச் சொன்னான்?"